நினிவே தப்பியது, எருசலேம் எரிந்தது: வாக்கு மாறாதவர் என்பது எப்படி?

ஜூலை 28, 2024 (வாசகர் ஒருவரின் கேள்வி)

"நாற்பது நாளில் அசீரியரின் நினிவே கவிழும் என்றார் யோனா தீர்க்கதரிசி. கவிழவில்லை. தாவீதின் வீடு என்றென்றைக்கும் நிற்கும் என்றார் நாத்தான் தீர்க்கதரிசி. கி.மு. 586-இல் எருசலேம் எரிந்தது. தாவீதின் வம்சத்து ராஜாவைக் குருடாக்கி, விலங்கு மாட்டி, பாபிலோனுக்கு இழுத்துப் போனார்கள். அழிப்பேன் என்ற ஊரை அழிக்கவில்லை, காப்பேன் என்ற வீட்டைக் காக்கவில்லை. அப்புறம் எதை வைத்துக் கடவுளை 'வாக்கு மாறாதவர்' என்று வாராவாரம் பாடுகிறீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்."

ஜூலை 28, இரவு

பாதிக் கேள்விக்கு உடனே பதில் இருக்கிறது. மீதிப் பாதி என்னையும் உறுத்துகிறது.

வேதத்தில் 2 சாமுவேல் 7-ஐ முழுசாகப் படியுங்கள். வம்சம் நிலைக்கும் என்று சொன்ன அதே மூச்சில், உன் மகன் தப்புச் செய்தால் மனுஷருடைய பிரம்பால் அடிப்பேன், என் கிருபையை மட்டும் அவனைவிட்டு விலக்கமாட்டேன் என்று வருகிறது. அதாவது அடியும் அந்த வாக்குக்குள்தான் இருக்கிறது. உபாகமம் 28-இல் முற்றுகை, பஞ்சம், சிறையிருப்பு எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறது. பின்னால் வந்த தீர்க்கதரிசிகள் எரேமியாவோ எசேக்கியேலோ புதிதாக ஒரு மிரட்டலைக் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குப் பிழைப்பு பத்திரம் எழுதுவது. சொத்து விவரத்தையும் தொகையையும் பார்த்துவிட்டு, ஷரத்துப் பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். எருசலேமின் ராஜாக்கள் அந்த ரகம். "இது கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று தரம் சொன்னால் போதும் என்று ஜனங்கள் இருந்ததை எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் கிழிக்கிறார். பாழாய்க் கிடக்கிற சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அங்கேயும் எனக்கு ஒரு வீடு இருந்தது என்கிறார். அதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

ஜூலை 29

நினிவேக்கு வருகிறேன். எரேமியா 18-இல் குயவன் வீட்டுக் காட்சிக்கு அடுத்து ஒரு விதி வருகிறது, வசனம் 7 முதல் 10 வரை. ஒரு தேசத்தைப் பிடுங்குவேன் என்று சொல்லி அது திரும்பினால், நானும் மனம் மாறுவேன். ஒரு தேசத்தைக் கட்டுவேன் என்று சொல்லி அது கெட்டால், அந்த நன்மையைக் குறித்தும் மனம் மாறுவேன். இரண்டு பக்கமும் ஒரே விதி. இதை வைத்துக்கொண்டால் நினிவே, எருசலேம் இரண்டும் ஒரே கணக்கில் அடங்கிவிடும்.

யோனாவுக்கும் இந்த விதி தெரியும். தெரிந்ததால்தான் கிழக்கே போகச் சொல்லியும் மேற்கே தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். 4:2-இல் அவரே சொல்கிறார்: நீர் இரக்கமும் மனஉருக்கமும் உள்ளவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன். தன் பிரசங்கம் பலித்துவிட்டதே என்று செத்துப்போகக் கேட்ட ஒரே பிரசங்கியார் இவராகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் ஒரு கூட்டத்துக்குப் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலே நோட்டீஸ் அடிப்பார்கள்.

ஜூலை 29, பின்னிரவு

மேலே எழுதியது சரிதான், ஆனால் போதாது. தூக்கம் வராமல் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தேன்.

திரும்பினால் இரக்கம், திரும்பாவிட்டால் தண்டனை என்றால், நாம் போட்டதற்கு ஏற்றதைக் கொடுக்கிற யந்திரமாகிவிடுவார் கடவுள். ஓசியா 11 அந்த யந்திரத்தை உடைக்கிறது. 7-ஆம் வசனத்தில் ஜனங்கள் என்னைவிட்டு விலகுகிற பக்கமே சாய்கிறார்கள் என்று வருகிறது. மனந்திரும்புதலின் சாயல்கூட அங்கே இல்லை. அடுத்த வசனமே: "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" எப்பிராயீம் என்றால் வடக்கு இஸ்ரவேல் ராஜ்யம். அத்மாவைப் போலவும் செபோயீமைப் போலவும் உன்னை எப்படி ஆக்குவேன் என்று கேட்கிறார். அவை சோதோமோடு சேர்ந்து அழிந்த ஊர்கள். திரும்பாத பிள்ளைக்காகத்தான் அந்த இருதயம் குழம்புகிறது.

இதில் சங்கடம் என்னவென்றால், அந்தக் குழம்பிய இருதயம் அசீரியரைத் தடுக்கவில்லை. கி.மு. 722-இல் அந்த ராஜ்யத்தின் தலைநகர் சமாரியா விழுந்தது. 27,290 பேரைக் கொண்டுபோனதாக அசீரிய ராஜா இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறான். ராஜாக்கள் கல்வெட்டில் கணக்கைக் கூட்டிச் சொல்வது வழக்கம்தான், இருந்தாலும் கூட்டம் கூட்டமாகப் போனது நிஜம். அப்படியானால் ஓசியா 11-இன் இரக்கம் எங்கே நிறைவேறியது?

ஜூலை 30

நேற்றுக் கேட்டதற்கு நானே ஒரு தொடர்ச்சி. சமாரியா விழுந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு எரேமியா 31:20-இல் எப்பிராயீமைப் பற்றிய பேச்சு திரும்ப வருகிறது. எனக்கு அருமையான குமாரன் அல்லவா, அவனை இன்னும் நினைக்கிறேன், என் உள்ளம் அவனுக்காகக் கொதிக்கிறது என்று. அரசியலில் எப்பிராயீம் என்ற ராஜ்யமே அப்போது இல்லை, அசீரிய மாகாணமாகிப் போயிருந்தது. வரைபடத்தில் இல்லாத பிள்ளையின் பெயரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது பதிலாகாது. ஆனால் இதைப் படித்த பிறகு கேள்வியை முன்போல என்னால் கேட்க முடியவில்லை.

ஜூலை 31

"பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர், அவ்வளவுதான் விஷயம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, இதைச் சொன்ன மார்சியோனை ரோமாபுரிச் சபை கி.பி. 144-லேயே வெளியே அனுப்பிவிட்டது. போகும்போது அவர் கொடுத்திருந்த காணிக்கையையும் திருப்பிக் கொடுத்தார்களாம். ஓசியா 11-ஐ மறுபடி படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

ஆகஸ்ட் 2

யோனா 4:2 எங்கிருந்து வருகிறது என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். யாத்திராகமம் 34:6-7. பொன் கன்றுக்குட்டிக் கூத்து முடிந்து, முதல் பலகைகள் உடைந்து, இரண்டாம் பலகைகளோடு மோசே மலையில் நிற்கும்போது கர்த்தர் தம் பெயரைத் தாமே அறிவிக்கிறார். முதல் பாதியில் இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை, சத்தியம், ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம், மன்னிப்பு. இரண்டாம் பாதியில், குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடமாட்டேன், பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடம் விசாரிப்பேன். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர்.

பின்னால் வந்தவர்கள் இதை எப்படி எடுத்தாண்டார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். யோவேல் 2:13-உம் யோனா 4:2-உம் இரக்கப் பாதியை எடுக்கின்றன, கூடவே தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றன. நாகூம் 1:3 நீடிய சாந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆக்கினை இல்லாமல் விடமாட்டார் என்ற பாதிக்குப் போகிறது. யோனாவும் நாகூமும் பேசுவது ஒரே ஊரைப் பற்றி. நினிவே! ஒரே பெயர்ப்பலகையின் இரண்டு பாதிகள் ஒரே ஊரின்மேல் விழுகின்றன. யோனா புத்தகத்தில் நினிவே தப்புகிறது. கி.மு. 612-இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து அதைத் தரைமட்டமாக்கினார்கள்.

எபிரெய வேதத்தின் வரிசையில் யோனாவுக்கும் நாகூமுக்கும் நடுவில் மீகா இருக்கிறார். அவர் புத்தகம் முடிவதும் இதே பெயர்ப்பலகையில்தான். "தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்?" என்று தொடங்கி, பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்தில் போடுவீர் என்று போகிறது (7:18-20). யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் யோனா முழுவதையும் வாசித்து, அதன் கடைசியில் மீகாவின் இந்த மூன்று வசனங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். யோனாவின் முணுமுணுப்போடு வீட்டுக்குப் போக அவர்களுக்கு மனசில்லை போல.

இன்னொன்று. அவர்களுடைய மன்னிப்பு ஜெபங்களில் யாத்திராகமம் 34-ஐச் சொல்லும்போது, தண்டனைப் பகுதி வருமுன், வசனத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். முதலில் இதைக் கேட்டபோது ஏமாற்று வேலை என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கோர்ட்டில் நிற்கிறவன் தனக்குச் சாதகமான பிரிவைத்தானே படிப்பான்?

ஆகஸ்ட் 3

இந்த உரையாடல் இழை தடம் மாறுவதற்கு மன்னிக்கவும். நினிவேயின் மேடுகள் இன்றைய ஈராக்கில், மோசூல் நகரில், டைக்ரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. ஒரு மேடு குயுன்ஜிக், இன்னொன்று நபி யூனுஸ். இரண்டாம் மேட்டின்மேல் யோனாவின் கல்லறை என்று மரபு சொன்ன மசூதி ஒன்று இருந்தது. 2014 ஜூலையில் ஐஎஸ் அமைப்பினர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அவர்கள் அடியில் தோண்டிய சுரங்கங்களின் வழியாக அசீரிய ராஜா எசரத்தோனின் அரண்மனைப் பகுதிகள் வெளியே தெரியவந்தன. நினிவே கவிழ்வதைப் பார்க்க ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்தவரின் பெயரில் நின்ற கட்டடம், அசீரிய அரண்மனையின் தலைமேலேயே இத்தனை நூற்றாண்டு இருந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 6

"தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்றால் சலுகைதானே" என்று கேட்டவருக்கு ஆமோஸ். தெக்கோவா ஊர், மந்தை மேய்ப்பவர், காட்டத்திப் பழம் பறிப்பவர். யூதாவிலிருந்து வடக்கே பெத்தேலுக்குப் போய்ப் பேசினார், போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆசாரியன் விரட்டினான். அவருடைய 3:2-ஐப் பாருங்கள். பூமியின் எல்லா வம்சங்களிலும் உங்களை மாத்திரம் அறிந்துகொண்டேன். கேட்கிறவர்கள் "ஆமென்" சொல்ல வாயைத் திறந்திருப்பார்கள். அடுத்தது: ஆகையால் உங்கள் எல்லா அக்கிரமங்களுக்காகவும் உங்களைத் தண்டிப்பேன்.

அந்த "ஆகையால்" வருகிற இடத்தில் நான் எதிர்பார்த்தது "ஆனாலும்". தெரிந்துகொண்டேன், ஆனாலும் தண்டிப்பேன் என்றால் நமக்குப் பழகிய பேச்சு. இவரோ நெருக்கத்தையே தண்டனைக்குக் காரணமாக்குகிறார். 9:7 இன்னும் மோசம். இஸ்ரவேலை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தேன் என்கிறார். பகையாளிகளுக்கும் ஒரு யாத்திராகமம்!

வருஷப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். சின்ன வயசிலிருந்து எடுக்கிறேன், ஆமோஸ் 3:2 யாருக்கும் வந்ததில்லை. அச்சடிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, ஜனவரி 1 விடியற்காலையில் அதை யார் வாங்கிப் போவார்?

ஆமோஸ் 9:11-15, அதாவது விழுந்த தாவீதின் கூடாரத்தை எடுப்பிப்பேன் என்ற முடிவு, பின்னால் சேர்க்கப்பட்டது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். இரத்தமும் இரும்புமாக வந்தவர் திடீரென்று ரோஜாவும் லாவெண்டருமாக முடிப்பாரா என்று ஜெர்மன் வேத அறிஞர் வெல்ஹவுசன் கேலி செய்தார். சேர்த்திருக்கலாம், எனக்கு அதில் சண்டை இல்லை. சேர்த்தவர்கள் யார் என்று யோசியுங்கள். ஆமோஸ் சொன்ன அழிவு அப்படியே நடந்ததைக் கண்ட சந்ததி. அவர்கள் ஆமோஸின் ஒரு கடுஞ்சொல்லைக்கூட அழிக்காமல் வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே நம்பிக்கையை எழுதினார்கள் என்றால், கேள்வி கேட்ட தம்பி தேடுகிற விஷயம் அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 12

இன்று மாலை யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் தொடங்குகிறது. முதல் ஆலயமும் இரண்டாம் ஆலயமும் விழுந்ததை யூதர்கள் நினைத்து உபவாசம் இருக்கும் நாள். தரையிலோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து, எருசலேமின் அழிவைப் பாடுகிற புலம்பல் புத்தகத்தை வாசிப்பார்கள்.

"அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." இது நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கும், காலண்டரிலும் இருக்கும். வசனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புலம்பல் 3:22-23. ஐந்து பாட்டுகளில் நடுப்பாட்டு. எபிரெய எழுத்து இருபத்திரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வசனமாக அறுபத்தாறு. இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது? 2:20-இலும் 4:10-இலும் பசியில் தாய்மார் தங்கள் பிள்ளைகளையே தின்கிறார்கள். புத்தகம் முடியும் வசனமோ, எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ என்கிற மாதிரி நிற்கிறது. ஜெப ஆலயத்தில் அந்த வசனத்தோடு நிறுத்த மாட்டார்கள். அதற்கு முந்தின 5:21-ஐ, எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும் என்பதை, இன்னொரு தரம் வாசித்துத்தான் முடிப்பார்கள். ஏசாயாவையும் மல்கியாவையும் பிரசங்கியையும்கூட அப்படித்தான் முடிப்பது வழக்கம்.

இந்த நாளுக்கு முன் மூன்று வாரம் கண்டன வாசகங்கள், பின் ஏழு வாரம் ஏசாயாவின் ஆறுதல் வாசகங்கள். மூன்றுக்கு ஏழு. எனக்கு அந்தக் கணக்குப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 13

"அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?" என்று நேற்று நள்ளிரவில் ஒருவர் ஒற்றை வரி போட்டிருக்கிறார்.

ஒன்றும் செய்யவில்லை. புலம்பல் எழுதியவரும் அவர்கள் செய்ததாகச் சொல்லவில்லை. யாருக்கு இப்படிச் செய்தீர் என்று பாரும் என்று கடவுளிடமே கேட்கிறார். பிதாக்கள் திராட்சக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசிப்போயிற்று என்ற பழமொழியை எசேக்கியேல் 18 மறுக்கிறது. எரேமியா 31-உம் இனி அப்படிச் சொல்லமாட்டார்கள் என்கிறது. ஆனால் முற்றுகையில் பல் கூசியது பிள்ளைகளுக்குத்தான். தீர்ப்பு நியாயம் என்று நான் இத்தனை பத்தி எழுதிய பிறகும் இந்த வரிக்கு எதிரே வைக்க என்னிடம் எதுவும் இல்லை. வைப்பதாக யாராவது சொன்னால் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆகஸ்ட் 18

தீர்ப்பு எதற்கு வந்தது என்பதையே விட்டுவிட்டோமே. விக்கிரகம் விக்கிரகம் என்று மட்டும் பேசுகிறோம். எரேமியா 34-ஐப் படியுங்கள்.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் முற்றுகை போட்டதும் பயந்துபோய், எபிரெய அடிமைகளை விடுதலை செய்வதாகச் சிதேக்கியா ராஜா உடன்படிக்கை பண்ணுகிறான். கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி நடுவே நடந்து சத்தியம் செய்கிறார்கள். எகிப்திலிருந்து படை வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தியதும், விட்ட அடிமைகளை மறுபடி பிடித்து இழுத்து வருகிறார்கள். அதற்குத்தான் கர்த்தர், நீங்கள் விடுதலை கூறவில்லை, நான் கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களுக்கு விடுதலை என்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத எஜமான்களுக்கு, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் கொடுத்த பதில்.

அதே அதிகாரத்தில், அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டும் மிஞ்சியிருந்தன என்று ஒரு வரி போகிறபோக்கில் வரும். 1935-இல் லாகீசின் வாசலில் மைகொண்டு எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அதில் ஒன்றில், லாகீசின் தீச்சைகைகளைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவை எங்களால் பார்க்க முடியவில்லை என்று வெளிக்காவலில் இருந்தவன் எழுதியிருக்கிறான்.

ஆகஸ்ட் 24

நீளமாக எழுதப் போகிறேன். என் தொழில் விஷயம்.

எரேமியா 32. சிதேக்கியாவின் பத்தாம் வருஷம். நகரம் முற்றுகையில். எரேமியா காவற்கூடத்து முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். குற்றம், ஊர் பிடிபடும் என்று சொன்னது. அப்போது சித்தப்பா பெரியப்பா வழிப் பங்காளி அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், மீட்கும் அதிகாரம் உமக்குத்தான் என்கிறான். லேவியராகமம் 25 சட்டப்படி அவன் கேட்பது சரி. ஆனால் ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர். நகரத்தைச் சுற்றிப் பாபிலோன் படை உட்கார்ந்திருக்கிறது. கைப்பற்ற முடியாத நிலம், விற்கிறவன் கைக்கு உடனே காசு வேண்டும், வாங்குகிறவர் ஜெயிலில். என்னிடம் இந்தக் கிரயத்தைக் கொண்டுவந்திருந்தால் வேண்டாம் ஐயா என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளைக் கையெழுத்திட வைக்கிறார். முறைப்படி முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் எல்லார் முன்னாலும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்கிறார். இந்த நடைமுறை எனக்கு அப்படியே புரிகிறது. திறந்த பிரதி எடுத்துப் பார்ப்பதற்கு, மூடியது தகராறு வந்தால் உடைப்பதற்கு. தொழில் தெரிந்தவன் எழுதிய அதிகாரம் இது. ஊர் எரியப் போகிற நேரத்தில் சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். பத்திரம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார், ஜெபத்தின் முடிவில் குழம்பிப்போய்க் கேட்கிறார். நகரம் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கு என்கிறீரே? காசு கொடுத்தாயிற்று, சந்தேகம் பின்னால் வருகிறது.

அதற்கு வரும் பதிலில் 42-ஆம் வசனம், இந்த இழை முழுவதற்கும் என் பதில் அதுதான். இந்தப் பெரிய தீங்கையெல்லாம் இந்த ஜனத்தின்மேல் வரப்பண்ணினது போலவே, நான் சொன்ன எல்லா நன்மையையும் வரப்பண்ணுவேன். "போலவே" என்பதைக் கவனியுங்கள். தீங்கு வந்ததை மறந்துவிடு என்று சொல்லவில்லை. அது சொன்னபடி வந்ததைக் காட்டி, இதுவும் சொன்னபடி வரும் என்கிறார். தண்டனை நிறைவேறியதே இரக்கத்துக்கு அச்சாரம். மிரட்டிவிட்டுச் செய்யாமல் விடுகிறவர் கொடுக்கிற ஆறுதலை யார் நம்புவார்கள்?

ஆகஸ்ட் 25

பதினேழு சேக்கல் இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஒரு சேக்கல் பதினோரு கிராமுக்குக் கொஞ்சம் கூட, ஆக மொத்தம் இருநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவான வெள்ளி. நிலத்தின் அளவு சொல்லப்படவில்லை, அதனால் மலிவா விலையா என்று சண்டை போட வழியில்லை. நாலெல்லையும் எழுதாத பத்திரத்தை இந்தக் காலத்தில் பதிவு செய்ய மாட்டார்கள்.

செப்டம்பர் 1

"அப்படியானால் நல்ல செய்தி மட்டும் சொன்னவர்கள் எல்லாம் பொய்த் தீர்க்கதரிசிகளா?" என்று கேள்வி. எல்லாரும் இல்லை. ஆனால் எரேமியா 28-இல் அனனியா ஒருவன் இருக்கிறான். பாபிலோனின் நுகம் இரண்டு வருஷத்தில் உடையும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொல்லி, எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். எரேமியா முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், அப்படியே ஆகட்டும்." அவருக்கும் ஆசைதான். பிறகுதான் மரநுகத்துக்குப் பதில் இரும்புநுகம் என்ற வார்த்தை வருகிறது. அனனியா அந்த வருஷம் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான்.

அடுத்த அதிகாரத்தில் பாபிலோனில் இருப்பவர்களுக்குக் கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுத்துப் பெண் எடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் ஆகும். அதற்கு அடுத்துத்தான் சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற 29:11 வருகிறது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு இந்த வசனத்தை வழியனுப்புக் கூட்டத்தில் வாசித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். எழுபது வருஷம் என்பது முந்தின வசனத்தில் இருக்கிறது என்று அங்கே வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் அம்மா என்னைத் துரத்தியிருப்பார்.

செப்டம்பர் 5

தாவீதின் வீடு என்ன ஆயிற்று என்ற பாதி பாக்கி.

கி.மு. 597-இல் பிடித்துப்போன யோயாக்கீன் ராஜாவுக்குப் பாபிலோன் அரண்மனைக் கிட்டங்கியிலிருந்து எண்ணெய் அளந்த கணக்குக் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. யூதாவின் ராஜா என்றே எழுதியிருக்கிறார்கள், ஐந்து பிள்ளைகளையும் சேர்த்து. ராஜ்யம் போய், சாப்பாட்டுக் கணக்கில் வம்சம் தப்பியிருக்கிறது.

இவனைத்தான் எரேமியா 22:24 கோனியா என்று கூப்பிட்டு, என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்றது. கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி, அவன் பேரன் செருபாபேலைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்கிறார் (2:23). கழற்றி எறிந்த அதே மோதிரத்தைக் குனிந்து எடுத்த மாதிரி. ஆகாய்க்கு எரேமியாவின் சொல் ஞாபகத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன். செருபாபேல் சிங்காசனம் ஏறவில்லை, பாரசீகரின் கீழே ஆளுநராகத்தான் இருந்தான். ஆகவே எரேமியா சொன்னதும் பொய்க்கவில்லை.

செப்டம்பர் 8

ஆனதோத்துக்குத் திரும்பப் போகிறேன், ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

அது எரேமியாவின் சொந்த ஊர். 11-ஆம் அதிகாரத்தில் அந்த ஊர்க்காரர்கள்தான் அவரைக் கொல்லப் பார்க்கிறார்கள், வாயை மூடு, இல்லாவிட்டால் சாவாய் என்று. அவர்களுக்கு வந்த தீர்ப்பு 11:23-இல்: அவர்களில் மீதியாக ஒருவரும் இருக்கமாட்டார்கள். 32-இல் அதே ஊரில் நிலம் வாங்கச் சொல்கிறார், இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்கிறார். கொல்லப் பார்த்த ஊரில்!

இப்போது எஸ்றா 2:23. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் பட்டியல். ஆனதோத்தின் மனுஷர் 128 பேர். நெகேமியா 7:27-லும் அதே எண்.

மீதியே இருக்காது என்றது எங்கே, 128 பேர் எங்கே? அந்தத் தீர்ப்பு சதி செய்தவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் சொல்லலாம், உரையாசிரியர்கள் சொல்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. நான் அந்த அவசரத்தில் இல்லை. எரேமியாவின் வாயிலிருந்தே அந்த ஊருக்கு இரண்டு சொல் போயிருக்கிறது, ஒன்று சாபம், ஒன்று பத்திரம். ஊர் அழிந்தது, பிறகு பத்திரம் செல்லுபடியானது. எரேமியா அதைப் பார்க்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள், அங்கே பேசியதோடு அவர் கதை நிற்கிறது. மண்பாண்டத்தை யார் திறந்தார்கள் என்றும் எங்கேயும் எழுதவில்லை.

செப்டம்பர் 9

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, "அப்படியானால் அவர் எப்போதும் இரக்கத்தின் பக்கம்தான் மாறுகிறார், அவ்வளவுதானே" என்கிறார். அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். ஆமோஸ் 7-இல் வெட்டுக்கிளி, அக்கினி என்று இரண்டு தரிசனத்துக்கு ஆமோஸ் மன்றாடுகிறார், இரண்டு தரமும் இப்படி ஆவதில்லை என்று கர்த்தர் இறங்கிவருகிறார். மூன்றாம் தரம் தூக்குநூல். இனி மன்னிக்கமாட்டேன். மன்றாட ஆமோஸ் வாய் திறப்பதாகவே எழுதவில்லை. எரேமியா 15:1-இல் மோசேயும் சாமுவேலும் வந்து நின்றாலும் என் மனம் சாராது என்கிறார்.

யூதாவின் ராஜா யோசியாவையும் மறக்காதீர்கள். மனந்திரும்பினவன், ஆலயத்தைச் சுத்தம் செய்தவன். நீ சமாதானத்தோடே கல்லறையில் சேர்க்கப்படுவாய் என்று உல்தாள் தீர்க்கதரிசினி அவனுக்குச் சொன்னாள் (2 இராஜாக்கள் 22:20). கி.மு. 609-இல் மெகிதோவில் எகிப்தின் ராஜா நேகோ அவனைக் கொன்றான், ரதத்தில் பிணமாகத்தான் எருசலேமுக்கு வந்தான். எருசலேமின் அழிவை அவன் கண்ணால் பார்க்கவில்லை, சொந்தக் கல்லறையில் அடக்கமானான், அதுதான் சமாதானம் என்று வழக்கமாகச் சொல்லும் பதிலை நானே ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பின்வரிசையில் ஒரு பெண் "அம்பு பட்டுச் செத்தவருக்கா?" என்று கேட்டது. 2 நாளாகமம் 35-இல் வில்வீரர்கள் எய்ததாகத்தான் இருக்கிறது, நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறது.

உல்தாளை நியாயப்படுத்த விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம். நான் அந்தப் பெண்ணின் கட்சி.